இரண்டு வருட வேலையும் நூறு வருட நினைவும்: வட்டார ஆய்வில் பொதுவெளி வரலாறு

பிஎச்டி முடித்த ஒருவர் "போஸ்ட்டாக் பண்ணுகிறேன்" என்று சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் "இன்னும் படிப்பு முடியலையா?" என்பார்கள். நண்பர்கள் "டாக்டர் பட்டத்துக்கும் மேல ஒரு பட்டமா?" என்பார்கள். இரண்டுமே தப்பு. அவரே தொடர்ந்து, "வட்டார ஆய்வுத் துறையில் பொதுவெளி வரலாறு கற்பிக்கிறேன், ஊர் மக்களோடு சேர்ந்து" என்று சொல்லிவிட்டால் போதும், கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அந்த ஒரே வாக்கியத்துக்குள் நாலு முடிச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கலாம்.

## போஸ்ட்டாக்: பட்டம் இல்லை, வேலை

சட்டம் படித்து, வக்கீலாகப் பதிவும் செய்துகொண்ட ஒருவர் உடனே தனி அலுவலகம் போட்டுவிடுவதில்லை. ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்கிறார். அவர் முழு வக்கீல்தான், மாணவர் இல்லை. ஆனால் மேசையும் நாற்காலியும் அவருடையவை இல்லை. இன்னும் எத்தனை வருடம் அங்கே இருப்பார் என்பதும் நிச்சயமில்லை.

போஸ்ட்டாக் ஏறக்குறைய அந்த நிலைதான். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருடம். முடிந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் பட்டம் எதுவும் கிடைக்காது. ஜூனியர் வக்கீலோடு ஒப்பிடுவதில் ஒரு குறையும் இருக்கிறது. ஜூனியர் அதே ஊரில், அதே நீதிமன்றத்தில் வளர்வார். போஸ்ட்டாக் முடித்தவர் பெரும்பாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார். இது பின்னால் நமக்குத் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் துறைகளில் போஸ்ட்டாக் என்றால் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை. வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் ஆய்வகம் ஏது? அங்கே ஒருவர் தன் ஆய்வேட்டைப் புத்தகமாகத் திருத்தி எழுதுவார், கூடவே வகுப்பும் எடுப்பார். வகுப்பெடுப்பதே முக்கியப் பொறுப்பாக இருந்தால் அது கற்பித்தல் போஸ்ட்டாக்.

இப்படிப்பட்ட வேலைகள் ஏன் பெருகின? அமெரிக்காவில் 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வரலாற்றுத் துறையில் நிரந்தரப் பணியிட விளம்பரங்கள் வெகுவாகக் குறைந்தன. பட்டம் வாங்கியவர்கள் எண்ணிக்கை அந்த வேகத்தில் குறையவில்லை. நடுவில் விழுந்த பள்ளத்தில் போடப்பட்ட பலகைகளில் ஒன்றுதான் போஸ்ட்டாக். சிலருக்கு அது பாலம், சிலருக்குப் பலகையோடு சரி.

## வட்டாரத்துக்கு எல்லை போட்டது யார்?

வட்டார ஆய்வு என்றால் ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு அதன் வரலாறு, மொழி, பாட்டு, பொருளாதாரம், சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது. வரலாற்றுத் துறை காலத்தை மையமாக வைக்கும், இலக்கியத் துறை நூலை மையமாக வைக்கும்; இங்கே இடம் மையம்.

இதில் புதிதாக வருபவர் முதலில் இடறும் கல், வட்டாரம் என்பது வரைபடத்தில் ஏற்கெனவே கோடு போட்டு வைத்த ஒன்று என்று நினைப்பதுதான். அமெரிக்காவின் அப்பலாச்சியாவைப் பாருங்கள். பெயர் ஒரு மலைத்தொடருடையது. ஆனால் 1965இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அப்பலாச்சிய வட்டார ஆணையத்தை உருவாக்கி, வளர்ச்சி நிதி போய்ச் சேரவேண்டிய மாவட்டங்களைப் பட்டியலிட்டது. இன்று அந்தப் பட்டியலில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 423 மாவட்டங்கள் இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியில் தொடங்கி மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதி வரை. முழுதாக உள்ளே வருவது மேற்கு வெர்ஜீனியா ஒன்றுதான். பட்டியல் பின்னாலும் நீண்டிருக்கிறது. மலை நகரவில்லை, எல்லை நகர்ந்தது.

ஆக, ஒரு வட்டாரத்தைப் பணமும் அரசியலும் வரையும். பாட்டும் பேச்சும் வரையும். அங்கே வாழாதவர்கள் வெளியிலிருந்து ஒட்டும் பெயரும் வரையும். அப்பலாச்சியர் என்றாலே படிக்காத மலைவாசிகள் என்ற கேலிச் சித்திரம் அமெரிக்காவில் ரொம்ப காலமாகப் புழங்குகிறது. அந்தச் சித்திரத்தை மறுக்கவேண்டிய அவசியமும் இந்தத் துறை வளர ஒரு காரணம். அப்பலாச்சிய ஆய்வுச் சங்கம் உருவானது 1977இல். அதே வருடம் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் தென்மாநிலப் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியது.

இதுவரை இரண்டு முடிச்சுகள் அவிழ்ந்தன. போஸ்ட்டாக் ஒரு தற்காலிக வேலை. வட்டார ஆய்வு ஓர் இடத்தைச் சுற்றிப் பல கோணத்தில் படிப்பது, அந்த இடத்தை இடமாக்கியது யார் என்ற கேள்வியையும் சேர்த்து.

## பொதுவெளி வரலாறு: பழைய போட்டோவின் பின்பக்கம்

பழைய குடும்பப் போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தையும் உடையையும் ஸ்டுடியோ முத்திரையையும் பார்த்து, அது எந்தக் காலத்தது என்று ஒரு நிபுணர் சொல்லிவிடுவார். ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவர் யார், ஏன் அப்படி நிற்கிறார் என்பதை வீட்டில் ஒரு கிழவிதான் சொல்லமுடியும். நிபுணருக்குத் தெரிந்தது கிழவிக்குத் தெரியாது, கிழவிக்குத் தெரிந்தது நிபுணருக்குத் தெரியாது. போட்டோவின் பின்பக்கம் பெயர்களை எழுதவேண்டுமானால் இருவரும் ஒரே மேசையில் உட்காரவேண்டும்.

பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியே, பொதுமக்களுக்காகவோ பொதுமக்களோடு சேர்ந்தோ செய்யப்படும் வரலாற்று வேலைதான் பொதுவெளி வரலாறு. அருங்காட்சியகம், நினைவிடம், ஆவணக் காப்பகம், வானொலித் தொடர், தெருமுனைத் தகவல் பலகை எல்லாம் இதில் வரும். இந்த வேலை பழையது; பெயர்தான் புதிது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் 1976இல் ராபர்ட் கெல்லி என்ற வரலாற்றாசிரியர் இதற்கென்று ஒரு மேற்படிப்பைத் தொடங்கியபோது இந்தப் பெயர் நிலைத்தது. அன்றைக்கும் காரணங்களில் ஒன்று, வரலாறு படித்தவர்களுக்குப் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை என்பதுதான். ஐம்பது வருடமாக இந்தத் துறையும் வேலைப் பஞ்சமும் ஒன்றாகவே நடந்துவருகின்றன.

மேலே "மக்களுக்காக", "மக்களோடு" என்று இரண்டு சொல் போட்டேன். குழப்பமெல்லாம் அந்த இடத்தில்தான். நிபுணர் எழுதியதை எளிய மொழியில் பலகையில் போட்டால் அது மக்களுக்கான வரலாறு. எதைக் கேட்பது, யாரைக் கேட்பது, பலகையில் என்ன எழுதுவது, அதை எங்கே நடுவது என்பதிலெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கும் முடிவெடுக்கும் பங்கு இருந்தால் அது சமூகத்தோடு இணைந்த வரலாறு. முதலாவதும் நல்ல வேலைதான். அதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக அறிக்கை எழுதுவதுதான் எரிச்சல் தருவது.

## ஒரே பெண், இரண்டு பேட்டிகள்

யார் கேட்கிறார் என்பது இவ்வளவு முக்கியமா? 1937ஆம் ஆண்டுக்குப் போவோம்.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு வேலையில்லாத எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஒரு திட்டம் நடத்தியது. அதன் ஒரு பகுதியாக, அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடு இருந்த கறுப்பின முதியவர்களைப் பேட்டி எடுத்தார்கள். 1936 முதல் 1938 வரை 2,300க்கும் மேற்பட்ட பேட்டிகள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகரில் நூறு வயதை ஒட்டிய ஒரு மூதாட்டி இருந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரைத் தேடிப் போனார். மூதாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் அரசு உதவித்தொகை அலுவலகத்துக்காரர் என்று நினைத்துக்கொண்டார். பேட்டி எடுத்தவர் அந்த எண்ணத்தைத் திருத்தவில்லை. அப்படித் திருத்தவில்லை என்று தன் குறிப்பிலேயே எழுதியும் வைத்திருக்கிறார். அந்தப் பேட்டியில் மூதாட்டியின் பழைய எஜமானர் நல்ல மனிதர்.

ஒரு கறுப்பினப் பேட்டியாளரும் அதே மூதாட்டியிடம் போனார். அந்தப் பேட்டியில் சவுக்கடி வருகிறது. பிள்ளைகளை விற்றபோது தாய்மார்கள் அலறிய அலறல் வருகிறது. ஆள் ஒருவர்தான், ஊரும் ஒன்றுதான், காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் பேட்டி பொய், இரண்டாவது உண்மை என்று முடித்துவிட்டால் பாதி பாடம் போய்விடும். உதவித்தொகை கையில் வைத்திருப்பதாக நினைத்த ஆளிடம், கையேந்தும் நிலையில் இருக்கும் ஒரு முதியவள் என்ன பேசுவாள் என்பதற்கு முதல் பேட்டி துல்லியமான ஆவணம். அதில் பதிவானது 1930களின் பயம். 1850களைத் தேடி அதைப் படித்தால் ஏமாந்துபோவோம். கேட்பவரும் ஆவணத்துக்குள் இருக்கிறார் என்பதுதான் வாய்மொழி வரலாற்றின் அடிப்படை. நிகழ்வை அனுபவித்தவரின் நினைவைத் திட்டமிட்ட பேட்டி வழியாகப் பதிவுசெய்து, பிறரும் கேட்கும்படி பாதுகாப்பதைத்தான் வாய்மொழி வரலாறு என்கிறோம்.

## தப்பான தேதியும் ஒரு சான்று

"வயசானவங்க தப்பாத்தானே சொல்வாங்க, அதை எப்படி வரலாறுன்னு எடுத்துக்கறது?" நியாயமான கேள்வி.

இத்தாலியின் டெர்னி ஓர் எஃகு ஆலை நகரம். 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து ஆலையிலிருந்து வெளியேறிய தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் வந்தது. லூயிஜி திராஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி கொல்லப்பட்டார். பல வருடங்கள் கழித்து அலெஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர்க்காரர்களைப் பேட்டி எடுத்தபோது, பலர் அந்தச் சாவை 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள். 1953இல்தான் ஆலை சுமார் 2,000 பேரை வேலையைவிட்டு நீக்கியது. நகரமே தெருவில் இறங்கியது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி மறதியா வரும்? போர்த்தெல்லி அதை மறதி என்று ஒதுக்கவில்லை. ஒரு சாதாரண ஊர்வலத்தில் ஓர் இளைஞன் செத்தான், பதிலுக்கு எதுவும் நடக்கவில்லை என்பதை அந்த நகரத்தால் தாங்கமுடியவில்லை. அதனால் அவன் சாவை, பிழைப்புக்காக நடந்த பெரிய போராட்டத்துக்குள் நினைவு நகர்த்திவைத்தது. தேதியைக் காவல்துறைக் கோப்பில் சரிபார்த்துவிடலாம். அந்தச் சாவு ஊருக்கு என்னவாக இருந்தது என்பது கோப்பில் இருக்காது.

ஊர்க்காரர் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டுவதும் இல்லை, கோப்பு மட்டும்தான் உண்மை என்று பிடிவாதம் பிடிப்பதும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இடைவெளி ஏன் என்று கேட்பதுதான் வேலை.

## பகிர்ந்த அதிகாரம்

மைக்கேல் ஃபிரிஷ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1990இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய சொல் இது. பேட்டி கொடுப்பவருக்கு அனுபவத்தின் அதிகாரம் இருக்கிறது. எடுப்பவருக்குப் பயிற்சியின் அதிகாரம் இருக்கிறது. உருவாகும் வரலாறு இருவருடையது. பேராசிரியர் தன் பங்கிலிருந்து தாராளமாக எடுத்துக் கொடுக்கிற தானம் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. ஆனால் பேட்டி தொடங்கும்போதே அந்த அதிகாரம் இருவர் கையிலும் இருக்கிறது. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது மட்டும்தான் நம் கையில்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்ட, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1966இல் இனவொதுக்கல் அரசு அந்தப் பகுதியை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. தொடர்ந்த வருடங்களில் சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. 1994இல் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் அருங்காட்சியகம் திறந்தது. உள்ளே தரையில் அந்தப் பகுதியின் பெரிய தெரு வரைபடம். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைக் கையாலேயே எழுதினார்கள். போட்டோவின் பின்பக்கம் எழுதுவது என்று சொன்னேனே, அது ஒரு தரை முழுக்க நடந்திருக்கிறது.

## வகுப்பறைக்குள் இது எப்படி நடக்கிறது?

இப்போது நம் போஸ்ட்டாக்கிடம் திரும்புவோம். ஒரு பருவம் பதினைந்து வாரம் அளவுக்கு ஓடும். முதல் சில வாரங்கள் வாசிப்பு. பிறகு மாணவர்கள் ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துப் பழகுகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஊருக்குள். ஆலை மூடப்பட்ட ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம்.

பழகாதவர் கேட்கும் கேள்வி இப்படி இருக்கும்: "ஆலை எந்த வருஷம் மூடினாங்க?" பதில் ஒரு எண். அது நாளிதழிலேயே கிடைக்கும். "மூடினப்போ ரொம்ப கஷ்டமா இருந்திருக்கும் இல்லையா?" என்பது இன்னும் மோசம், பதிலைக் கேட்பவரே ஊட்டிவிடுகிறார். கொஞ்சம் பழகியவர் கேட்பார்: "மூடின அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு எப்படி வந்தீங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். பத்து நொடி அமைதி மாணவருக்குப் பத்து நிமிடம் போல இருக்கும். அந்த இடைவெளியில் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டால், வரவிருந்த பதில் போய்விடும். இந்தப் பத்து நொடியைப் பழக்குவதற்கே ஒரு வகுப்பு முழுதும் செலவழிக்கலாம், தவறில்லை.

பேட்டி முடிந்ததும் அதை எழுத்தாக்கவேண்டும். ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலு, ஆறு மணி நேரம் கூடப் பிடிக்கும். தானியங்கி மென்பொருள் உதவும். ஆனால் வட்டார வழக்கு வரும் இடத்தில் தடுமாறும். வட்டார ஆய்வில் நமக்கு வேண்டியதே அந்த இடம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது, போஸ்ட்டாக்குக்கு அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி கிடைக்கிறது, பல்கலைக்கழகத்துக்கு விளம்பரப் புகைப்படம் கிடைக்கிறது. இரண்டு மணி நேரம் பேசிய ஊர்க்காரருக்கு? இந்தக் கேள்விக்குப் பருவம் தொடங்குமுன் பதில் இல்லையென்றால் ஊருக்குள் போகாமல் இருப்பதே மேல். பதில் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. அவர் குரல் பதிவின் ஒரு பிரதி, அவர்கள் கேட்ட ஒரு பழைய ஆவணத்தைத் தேடிக் கொடுப்பது, ஊர் நூலகத்துக்கு ஒரு கண்காட்சி. அவர்களே எதைக் கேட்கிறார்களோ அது.

## கையெழுத்தும் வாக்குறுதியும்

பேட்டி கொடுப்பவர் கையெழுத்திடும் தாள் ஒப்புதல் படிவம். பதிவு எங்கே இருக்கும், யார் கேட்கலாம், பெயர் வெளிவருமா, எந்தப் பகுதியை நீக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். பலர் இதை ஒரு சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் சில வருடங்கள் வட அயர்லாந்து மோதலில் பங்கெடுத்த முன்னாள் ஆயுதக்குழுவினரின் நினைவுகளைப் பதிவுசெய்தது. பேசியவர் இறக்கும்வரை பதிவு வெளிவராது என்ற உறுதியின் பேரில் அவர்கள் பேசினார்கள். 2011இல் வட அயர்லாந்துக் காவல்துறைக்காக அமெரிக்க அரசு அந்தப் பதிவுகளைக் கேட்டு உத்தரவு அனுப்பியது. வழக்கு நடந்தது, கடைசியில் சில பதிவுகள் காவல்துறை கைக்குப் போயின. நீதிமன்றம் கேட்டால் தாங்காத வாக்குறுதியை ஆய்வாளர் தரக்கூடாது என்பதற்கு இன்றுவரை வகுப்புகளில் சொல்லப்படும் உதாரணம் இது.

இவ்வளவு பெரிய விஷயம் நம் ஆலை ஊரில் வராது, சரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை வரும். படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும், எழுத்தாக்கிய பிரதியைத் திரும்பக் கொண்டுபோய் "இதில் எதை எடுத்துவிடட்டும்?" என்று கேட்பதும் அதற்காகத்தான்.

## இரண்டு கடிகாரங்கள்

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெட்டி இங்கே வருகிறது. போஸ்ட்டாக் வந்து சேர்ந்து, ஊரின் சங்கம், தேவாலயம், நூலகம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, நாலு பேர் நம்பத் தொடங்குவதற்குள் முதல் வருடம் போய்விடும். இரண்டாவது வருடம் பாதி, அடுத்த வேலைக்கு விண்ணப்பிப்பதில் போகும். ஒப்பந்தத்தின் கடிகாரம் மாதத்தில் ஓடுகிறது, நம்பிக்கையின் கடிகாரம் வருடத்தில் ஓடுகிறது. இந்தப் பணியின் மையச் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். திறமையின்மை, அக்கறையின்மை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதில் மோசமாக அடிபடுவது ஊர். நன்றாகப் பேசிப் பழகிய ஒருவர் ஒரு கோடையில் காணாமல் போவார். அடுத்து இன்னொருவர் வந்து அதே கதவைத் தட்டி அதே கேள்வியைக் கேட்பார். மூன்றாவது ஆள் வரும்போது கதவு திறக்காது.

இதைத் தனி ஆளின் நல்ல குணத்தால் சரிசெய்ய முடியாது, அமைப்பில் சரிசெய்யவேண்டும். ஊரோடு உறவு துறைக்கோ ஆய்வு மையத்துக்கோ இருக்கவேண்டும். போஸ்ட்டாக் அதில் வந்து சேர்ந்து விலகுபவராக இருக்கலாம். பதிவுகள் அவருடைய மடிக்கணினியில் தங்காமல், முதல் மாதத்திலிருந்தே ஒரு காப்பகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1973இல் தொடங்கிய தென்மாநில வாய்மொழி வரலாற்றுத் திட்டம் இன்றுவரை நிற்பதற்கு ஒரு காரணம், பேட்டிகள் பல்கலைக்கழக நூலகத்தின் தொகுப்பில் சேர்ந்துகொண்டே வந்தன என்பது. பேட்டி எடுத்த மாணவர்கள் போய்விட்டார்கள். பேட்டிகள் அலமாரியில் இருக்கின்றன, யாரும் கேட்கலாம்.

இப்படி ஒரு வேலை விளம்பரம் கண்ணில் பட்டால் சம்பளத்தையும் வகுப்புகளின் எண்ணிக்கையையும் பார்த்த கையோடு நேர்முகத்தில் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். இந்த ஊர்க்காரர்களில் யாரோடு நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? நான் போன பிறகு அவர்கள் பதிவைக் கேட்க வந்தால் எந்த அறையின் கதவைத் தட்டவேண்டும்? இரண்டாவது கேள்விக்குப் பதிலாக ஓர் அறை எண் வந்தால் தைரியமாகச் சேரலாம்.